பதினாலாவது தர்பூசணித் துண்டு

இதைப் படிச்சிட்டு 'நல்லா கதை விடறா'ன்னு சொல்றவங்க சொல்லிக்கோங்க. அன்னிக்கு அந்தப் படகுல இருந்தது நான். நீங்க இல்லை.

போன ஆகஸ்ட் மாசம், ஒன்பதாம் தேதி. பட்டப்பகல். பேய்னா ராத்திரிதான் வரும்னு நினைக்கிறவங்க எங்க தீவுல ஒரு ஆகஸ்ட் மத்தியானம் இருந்து பாருங்க. ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் ஊரே கதவைச் சாத்திட்டுத் தூங்கும். நாய் கூடக் குரைக்காது. ராத்திரின்னா எங்களுக்குப் பயமே கிடையாது. அந்த மூணு மணி நேரம்தான் ஆகாது.

என் பேரு அனெசினா. தீவோட பேரைச் சொல்ல மாட்டேன், சீசன்ல என் பொழைப்பு நடக்கணும். ஒரு மரப்படகு வெச்சிருக்கேன். எங்கப்பா ஸ்டமாதிஸ் நாப்பது வருஷம் ஓட்டின படகு. அவருக்கு இப்ப எண்பத்தொண்ணு. துறைமுகத்துக்குப் பின்னாடி சந்துல தனியா இருக்கார், கூட வந்து இருங்கன்னா சண்டைக்கு வருவார். அதனால நானும் என் தம்பி ஸானிஸும் ஓட்டறோம். சுற்றுலாக்காரங்களை ஏத்திக்கிட்டு காலைல பத்தரைக்குக் கிளம்புவோம். பாறை மேல சின்ன வெள்ளை சர்ச், மெழுகுவத்தி ஏத்தலாம். அடுத்தது சிவப்புக் கூழாங்கல் கரை, குளிக்கலாம், ஸானிஸ் ஆக்டோபஸ் சுட்டுத் தருவான். கடைசியா நீலக் குகை.

படகுல ரெண்டு வழக்கம் உண்டு. ஏறும்போதே செருப்பைக் கழட்டிக் கூடையில போடணும், பலகையில மணல் ஏறக் கூடாது. இன்னொண்ணு தர்பூசணி. "மனுஷங்களை ஆடு மாடு மாதிரி விரலை நீட்டி எண்றது மரியாதை இல்லை"ன்னு அப்பா சொல்வார். அதனால குகையிலேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடி, எத்தனை பேரோ அத்தனை துண்டு தர்பூசணி வெட்டி ஏணிப்பக்கத்துல தட்டுல வைப்போம். ஏறும்போது ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவாங்க. தட்டு காலியானா எல்லாரும் ஏறியாச்சுன்னு அர்த்தம். ஒரு நாளும் தப்பினதில்லை. அப்படித்தான் நான் நினைச்சிட்டிருந்தேன்.

அன்னிக்குப் பதினாலு பேர். பதிமூணு பேர் ஜோடியா, குடும்பமா வந்தவங்க. ஒரே ஒருத்திதான் தனி. பேரு மிர்சினி. வோலோஸ்ங்கற ஊர்ல பள்ளிக்கூட டீச்சர், முப்பது வயசு இருக்கும். வெயிலுக்குத் தலையில மஞ்சள் சால்வை போட்டிருந்தா.

"எல்லாரும் வந்தாச்சான்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"ன்னு கேட்டா. தர்பூசணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாவே சொன்னேன்.

"யாராவது ரெண்டு எடுத்துட்டா?"

"ஸானிஸ் எடுத்தாதான் உண்டு. அவனைக் கட்டிப் போட்டிருவேன்."

"அக்கா, டீச்சர் முன்னாடியாவது மானத்தை வாங்காதே"ன்னான் அவன். மிர்சினி சிரிச்சா.

மணி 12.30க்குக் குகை வந்தோம். காத்து இல்லாத நாள்ல முழங்கால் தண்ணிதான், நடந்தே உள்ளே போகலாம். உள்ளே கோடியில உக்கார ஒரு பாறைத் திட்டு இருக்கு. வடகாத்து கிளம்பிடுச்சுன்னா கதை வேற. அலை உள்ளே புகுந்து அந்தத் திட்டையே மூடிடும். அன்னிக்கு மூணு மணிக்கு மேல காத்து வரும்னு ரேடியோவுல சொல்லியிருந்தாங்க.

1.10. ஹார்ன் அடிச்சேன். பதினாலு துண்டு வெட்டி வெச்சிட்டு எஞ்சின் பார்க்கப் போனேன். திரும்பி வந்தப்ப தட்டு காலி. நங்கூரத்தை எடுத்தோம்.

மஞ்சள் சால்வை கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தது. முதுகு எங்க பக்கம், முகம் கடல் பக்கம். சால்வை முழுக்க நனைஞ்சு சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

முழங்கால் தண்ணியில போனவளுக்குத் தலை எப்படி நனையும்? அப்ப எனக்குத் தோணலை.

"டீச்சர் வழுக்கி விழுந்திருப்பாங்க, வெட்கப்படறாங்க, விடு"ன்னான் ஸானிஸ். விட்டுட்டேன். அந்த பெஞ்சுல பக்கத்துல இருந்த பொண்ணு மட்டும் எழுந்து முன்னாடி வந்து உக்காந்துக்கிட்டா. குளிருதுன்னா. ஆகஸ்ட் வெயில்ல.

1.50. துறைமுகம். ஸானிஸ் ஒவ்வொருத்தரையும் கை கொடுத்து இறக்கினான். கூட்டம் செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தப்பவே மஞ்சள் சால்வை இறங்கிப் போயிடுச்சு. ஸானிஸ் கையை உதறினான்.

"ஐஸ் பெட்டியில வெச்ச மீனைத் தொட்ட மாதிரி இருக்கு அக்கா."

2.05. எல்லாரும் போயாச்சு. ஊர் தூங்கிடுச்சு. நான் படகைக் கழுவ ஆரம்பிச்சேன். கடைசி பெஞ்சுக்கு அடியில ஒரு துண்டு தர்பூசணி கிடந்தது. முழுசு. ஒரு கடி கூடக் கடிக்கலை.

பெஞ்சு ஈரம். துடைச்சேன். திரும்பிப் பார்த்தேன்... மறுபடியும் ஈரம்.

கூடையில ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு மிச்சம். கூடவே ஒரு துணிப்பை.

டிக்கெட் எடுக்கறப்ப மிர்சினி கொடுத்த நம்பருக்குப் போன் போட்டேன். பைக்குள்ளேயே மணி அடிச்சுது. அவ தங்கியிருந்த வீட்டம்மாவுக்குப் போட்டேன். "இந்த நேரத்துல போன் பண்றியே, உனக்குக் கூறு இருக்கா? டீச்சர் இன்னும் வரலை"ன்னு வெச்சிட்டா.

"செருப்பை மறந்துட்டுப் போயிருப்பா அக்கா. தட்டு காலி ஆச்சுல்ல? நானே கையைப் பிடிச்சு இறக்கினேன்ல? தூங்கி எழுந்து அஞ்சு மணிக்குப் பார்த்துக்கலாம்."

"நீ முகத்தைப் பார்த்தியா?"

அவன் படித்துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

படித்துறையில கால் தடம் இருந்துச்சு. வெறுங்கால், சின்னக் கால். நேரா சந்துப் பக்கம் போகுது. அந்த வெயில்ல கல்லு மேல தண்ணி கொட்டினா ஒரு நிமிஷத்துல காஞ்சிடும். அவ இறங்கி இருபது நிமிஷம் ஆச்சு. தடம் காயலை.

இறங்கிப் போனது மிர்சினி இல்லைன்னா, மிர்சினி எங்கே? மூணு மணிக்குக் காத்து வரும். கடலோரக் காவல் படகு பெரிய தீவுலேர்ந்து வர ஒண்ணரை மணி நேரம் ஆகும்.

"கயித்தை அவிழ்டா"ன்னேன்.

2.15க்குக் கிளம்பினோம். முழு வேகம். 2.40க்குக் காத்து ஆரம்பிச்சிடுச்சு, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே. 2.50க்குக் குகை வாசல். அலை உள்ளே போய் அறைஞ்சு வெளியே வருது. டம்... டம்... ஸானிஸ் முகம் வெளுத்துப் போச்சு.

இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்கினேன். தண்ணி கழுத்து வரைக்கும்.

"மிர்சினி!"

அலைச் சத்தம்தான்.

"மிர்சினி! நான் அனெசினா!"

இருட்டு. கையால பாறையைத் தடவித் தடவிப் போனேன்.

திட்டு தட்டுப்பட்டுது.

அது மேல... ஒரு கால்.

கத்திட்டேன். கால் அசைஞ்சுது. சூடா இருந்துச்சு. உயிர் இருக்கு.

"தொடாதே... நீயும் உக்காரச் சொல்லுவே"ன்னு ஒரு முனகல்.

மிர்சினிதான். மார்பு வரைக்கும் தண்ணியில உக்காந்திருந்தா. எழுந்திருக்கலை, பாறையைப் பிடிக்கலை. எழுந்திருக்கவே கூடாதுன்னு யாரோ சொன்ன மாதிரி உக்காந்திருந்தா. அவ இடுப்பைச் சுத்திக் கட்டிப்பிடிச்சு இழுத்தேன். முதல் இழுப்புக்கு வரலை. ரெண்டாவதுக்கும் வரலை. அலை தலைக்கு மேல போச்சு. எனக்குக் கோபம் வந்துடுச்சு, அப்படி ஒரு கோபம். யாரைத் திட்டறேன்னு தெரியாமலே வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன்.

மூணாவது தடவை வந்துட்டா.

ஸானிஸ் கயித்தை இழுத்து ரெண்டு பேரையும் ஏத்தினான். போர்வை சுத்தி, ரெண்டு வாய் பிராந்தி குடிக்க வெச்சோம். ரொம்ப நேரம் பல்லு கிட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் பேசினா.

"திட்டுல என் பக்கத்துல ஒரு பொண்ணு இருந்தா. நம்ம படகு ஆளுன்னு நினைச்சேன். 'உங்களை எப்படி எண்ணுவாங்க?'ன்னு கேட்டா. தர்பூசணியைச் சொன்னேன். 'இன்னுமா?'ன்னு சிரிச்சா. என் சால்வையை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டா. 'நான் ரொம்ப நாளா உக்காந்திருக்கேன். நீ கொஞ்சம் உக்காரு'ன்னா. அப்புறம் எனக்கு எழுந்திருக்கவே முடியலை. ஹார்ன் கேட்டுது. படகு போறது கேட்டுது. கத்த வாயைத் திறந்தா... சத்தமே வரலை."

ஸானிஸ் தன் கையைப் பார்த்தான். கடல் தண்ணியில விட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினான்.

ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில மிர்சினி கூடவே இருந்தேன். பொழைச்சுக்கிட்டா.

மறுநாள் காலைல 9.30க்குத் துறைமுக ஆபீஸ் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அங்கே கோஸ்மாஸ்னு ஒரு பழைய குமாஸ்தா. படிச்சிட்டு உள்ளே போனார். ஒரு பழுப்பேறின ஃபைலோட வந்தார்.

1979, ஆகஸ்ட். தெயானோ, வயசு இருபத்தி நாலு, ஏதென்ஸ். தீவைச் சுத்திப் பார்க்கப் படகுல போனவ. அதுக்கப்புறம் யாரும் பார்க்கலை. கீழே படகுக்காரர் வாக்குமூலம், ஒரே ஒரு வரி. 'பதினோரு பேரைக் கூட்டிட்டுப் போனேன், பதினோரு துண்டு வெட்டினேன், தட்டு காலி, பதினோரு பேரையும் இறக்கிட்டேன்.'

கையெழுத்து எங்கப்பாவோடது.

கோஸ்மாஸ் என் முகத்தைப் பார்க்கலை. "அதனால குகையில யாரும் தேடவே இல்லை"ன்னார்.

நேரா அப்பா வீட்டுக்குப் போனேன். மணி பத்து. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. அப்பா இருட்டுல மேஜை முன்னாடி உக்காந்திருந்தார். நேத்து போட்டிருந்த அதே சட்டை. தூங்கின முகம் இல்லை.

"தெயானோ யாருப்பா?"

அப்பா மேஜையையே பார்த்துக்கிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு ஒரு ஜோடி செருப்பு மிஞ்சுச்சு. பார்த்தேன். வெயில்... தூக்கம் கண்ணைக் கட்டிச்சு. தட்டுதான் காலியாச்சேன்னு போய்ப் படுத்துட்டேன். எழுந்தப்ப நல்ல காத்து. செருப்பைக் கடல்ல போட்டுட்டேன்."

எனக்கு அவரை அடிக்கணும் போல இருந்துச்சு. அழுகையும் வந்துச்சு.

"அப்ப பதினோராவது ஆளா இறங்கினது யாரு?"

"முகத்தைப் பார்க்கலை. ஒரு ஆம்பளை. தொப்பலா நனைஞ்சிருந்தான்."

அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு அவ வந்து கதவைத் தட்டினா. திறந்தேன். 'ஏன் திரும்பி வரலை?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. என்னத்தைச் சொல்றது?"

"அப்புறம் எப்ப போனா?"

அப்பா என்னைப் பார்க்கலை. என் தோளுக்குப் பின்னாடி பார்த்தார்.

"அவ போயிட்டான்னு யாரு சொன்னா?"