வைதேகி சராசரி போட மாட்டாள்

வைதேகி நம்மை விட்டுப் போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னது செல்வி அக்கா. ராயப்பேட்டையில் உள்ள நம் அலுவலகத்துக்குக் காலையில் முதல் ஆளாக வந்து தரை துடைப்பவர் அவர்தான். வைதேகியின் அண்ணன் அலுவலக எண்ணுக்கு அழைத்திருக்கிறார். எடுக்க வேறு யாரும் இல்லை. "பாப்பா, நின்னுக்கினு கீறியா? மொதல்ல குந்து," என்றார் செல்வி அக்கா. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நானும் வைதேகியும் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரே வயது. முதலீட்டாளர்களுக்காக ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் நம் கம்பெனியின் கரியமில வாயுக் கணக்கை எழுதுவது எங்கள் வேலை. ஆலையில் எரியும் டீசல், மின்சாரம் எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. நாம் வேலைக்கு வந்துபோகும் பயணமும் அந்தக் கணக்கில் சேரும்; அதற்கு ரசீது கிடையாது. படிவம் அனுப்பிக் கேட்போம். பதில் தராதவர்களுக்குச் சராசரி தூரம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். நான் தாராளமாகப் போடுவேன். வைதேகி மாட்டாள். நோட்டோடு படிக்கட்டில் நின்று ஆட்களை மடக்குவாள். "பஸ்ஸா, வண்டியா? பொய் சொன்னா ஆத்துக்கே வந்துடுவேன்," என்பாள். உங்களில் பலர் அவளுக்குப் பயந்து லிஃப்டில் போனது எனக்குத் தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நான் எட்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தேன். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பதால் படிவமே அனுப்பவில்லை. அதைப் பார்த்த வைதேகி திட்டவில்லை. "எட்டுன்னு உனக்கு யாருடி சொன்னா?" என்று கேட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு செல்வி அக்காவிடம் போனாள்.

"நான் வர்ற பஸ்ஸுக்கும் கம்பெனிக்கும் இன்னா பாப்பா சம்பந்தம்?"

"பஸ் விடற புகையில உங்க பங்கு எவ்ளோன்னு எழுதறோம்க்கா," என்றாள் வைதேகி.

செல்வி அக்கா சிரித்தார். "ஆத்தோரமா வூடு இருந்தப்போ நடந்தே வந்துட்டேன். அப்போ நான் சைபர். ஊருக்கு வெளிய கொண்டும்போய் வுட்டாங்க, இப்ப ரெண்டு பஸ்ஸு. எம்மேல புகை ஏத்துனது நானா?"

வைதேகி சிரிக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியதும் கூட்டுத்தொகை ஏறிவிட்டது. முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது என்று சொல்லக் காத்திருந்த மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "அவங்க நம்ம ஸ்டாஃபே இல்லையேம்மா, எடுத்துடுங்க," என்றார். நான் வாய் திறக்கவில்லை. இன்று அதை ஒப்புக்கொள்கிறேன். "தரை நம்மளோடது, துடைக்கறவா மட்டும் நம்ம ஆள் இல்லையா சார்?" என்றாள் வைதேகி. "எடுக்கணும்னா எடுங்கோ. அந்தக் கணக்குல என் கையெழுத்து இருக்காது."

மூன்று நாள் இழுபறி. கடைசியில் அவர்களின் பயணம் கணக்கில் நின்றது. வீடு மாற்றப்பட்டதால் பயணம் கூடியது என்று அட்டவணைக்குக் கீழே அவள் எழுதிய ஒரு வரியும் நின்றது. எந்த முதலீட்டாளரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. செல்வி அக்கா மட்டும் கேட்டார், "எம்பேரு வந்துச்சா பாப்பா?"

"பேர் வரலைக்கா. நீங்க வந்த தூரம் வந்துடுத்து," என்றாள் வைதேகி.

போன ஆண்டு அவளுக்கு நோய் என்று தெரிந்தது. புதன்கிழமைகளில் அடையாறில் சிகிச்சை முடிந்த கையோடு, மத்தியானம் ஆட்டோ பிடித்து அலுவலகம் வந்துவிடுவாள். ஏன் வந்தாய் என்று நான் கோபித்துக்கொண்டால், "ஆத்துல எல்லாரும் மெதுவா பேசறா. இங்கதான் சண்டை போட முடியறது," என்பாள்.

படிவத்துக்குப் பதில் தராதவர்களின் பட்டியலைப் போன வாரம் கணினி காட்டியது. அதில் அவள் பெயரும் இருந்தது. சராசரி தூரத்தை நிரப்பவா என்று வழக்கம்போல் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். ஏழு மாதம் மந்தைவெளி வீட்டிலிருந்து பஸ். பிறகு அடையாறிலிருந்து ஆட்டோ, புதன்கிழமைகளில் மட்டும். எத்தனை புதன் என்பதில் சந்தேகம் வந்தது. எழுந்து போய்ச் செல்வி அக்காவைக் கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"ஒம்போது. கடைசி வாட்டி நான்தான் கைய புடிச்சு ஆட்டோல ஏத்தி வுட்டேன்."

ஒன்பது என்று எழுதினேன்.

அவள் அண்ணன் கொடுத்த அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. தெரியாததை ஆளிடமே போய்க் கேட்கும் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டதும் அவளால்தான். பட்டியலில் மிச்சமிருக்கும் பெயர்கள் உங்களுடையவை. நாளையிலிருந்து படிக்கட்டில் நான் நிற்பேன். லிஃப்டில் போகாதீர்கள்.