நேராக்கிய கோடு

மார்சிலிங் என்ற பெயரை யாராவது சொன்னால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஊர் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆத்திரமெல்லாம் ஒரு மனிதர் மீது, அவருக்கு அடுத்தபடி என் மீது.

அறுபதுகளின் தொடக்கம், சிங்கப்பூர். ஒரு தனியார் அலுவலகத்தில் நில அளவையாளனாக இருந்தேன். வீடு சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டு மாடியில். அங்கிருந்து லோரியில் தீவின் வடகோடிக்குப் போய், கரையோரச் சதுப்பு எங்கே முடிகிறது, காய்ந்த நிலம் எங்கே தொடங்குகிறது என்று முளை அடித்துக் காட்ட வேண்டும். முளைகளுக்கு மேட்டுப் பக்கத்தில் ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள் கட்டவிருந்தது.

என்னோடு அளவுச் சங்கிலி பிடித்தவர் ஒரு மலாய்க்காரர், என் வயதுதான். அங்கே கடலில் கலக்கும் ஆற்றின் முகத்துவாரத்திலேயே பிறந்தவர். சதுப்பு மரங்கள் நிற்கிற வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வராது. அவற்றுக்குப் பின்னால்தான் ஏமாற்று வேலை. ஆளுயரப் பெரணி, சேற்று இறால் தள்ளிக் குவித்த மண்மேடுகள், அப்புறம் சாதாரணப் புல். புல்லைப் பார்த்ததும் தரை காய்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. முழங்கை ஆழம் தோண்டினோம். சாம்பல் நிறச் சேறு வந்தது, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த நாள்களில் கடல் நன்றாக ஏறும்போது போய் நின்று, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தே முளை அடித்தோம்.

ஓரிடத்தில் சதுப்பு நாக்கு நீட்டியது போல நிலத்துக்குள் நுழைந்திருந்தது. மேலே மாடு மேய்ந்துகொண்டிருக்கும். கடல் பெருக்கு ஏறினால் புல்லின் வேர்களுக்கிடையில் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி, கணுக்கால் வரை வந்துவிடும். அந்த நாக்கைச் சுற்றி வளைத்து முளைகள் அடித்தேன். களப் புத்தகத்தில் நாளும் நேரமும் எழுதினேன்.

எங்கள் மேலதிகாரி தமிழர்தான். கேலாங்கில் வீடு, அலுவலகத்தில் நல்ல பெயர். அவர் ஒரே ஒரு முறை இடத்தைப் பார்க்க வந்தார். கடல் ஏறாத அரைப்பிறை வாரம், அதுவும் மழையில்லாத மாதம். பளபளப்பான சப்பாத்தோடு அந்தப் புல்லில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சப்பாத்து நனையவில்லை. அவருக்கு அது போதுமாயிருந்தது. மறுவாரம் அலுவலகத்தில் வரைந்து முடித்த நிலப்படத்தைப் பார்த்தேன். என் வளைவைக் காணோம். அதன் வாயைக் குறுக்கே வெட்டி ஒரு நேர்கோடு ஓடியது.

அவர் அறைக்குள் போய், நான் தண்ணீரைப் பார்த்த நாள்களைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“வருஷத்துல நாலு நாள் ஈரமாகுற எடத்த எல்லாம் சதுப்புன்னு போட்டா இந்தத் தீவுல வீடே கட்ட முடியாது லா. கட்டுறவங்களுக்கு ரெண்டு வரிசை கொறையுது. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

போட்டேன். துப்பாக்கியா காட்டினார்? இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தது, வேலை போய்விடும் என்று பயந்தேன். சங்கிலிக்காரரிடம் சொன்னபோது, நாம்தான் தண்ணீரைப் பார்த்தோமே என்று மலாயில் ஒரு தரம் சொன்னார். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு அவர் சாப்பிடவில்லை.

வீடுகள் எழுந்தன, ஆட்கள் குடிவந்தார்கள். ஆண்டுக் கடைசியில், வடகிழக்குப் பருவமழையும் பெரிய பெருக்கும் ஒரே நாளில் சேர்ந்தன. செய்தி கேட்டு மறுநாள் காலை அங்கே போனேன். கடைசி இரண்டு வரிசைகளில் சேறு முழங்கால் உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டிருந்தது. ஒரு தமிழ்ப் பெண் நனைந்த அரிசி மூட்டையை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று கேட்டாள், சொன்னேன்.

“அளந்தவரா? அப்ப தண்ணி வரும்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?”

தெரியும் என்று சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூட்டையின் மறுமுனையைக் காட்டி, பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

நேராக அலுவலகம் போனேன். மேலதிகாரி படத்தை விரித்து, மூலையில் இருந்த என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். அந்த விரலை ஒடிக்க வேண்டும் போல வந்த வெறி இன்னும் அடங்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்குச் சங்கிலிக்காரரைக் கூப்பிட்டேன். மறுபேச்சில்லாமல் வந்தார். பழைய வளைவையே மறுபடி அளந்து, படமாக வரைந்து, களப் புத்தகத்தின் பக்கங்களையும் படியெடுத்து, அலுவலகத்தைக் கேட்காமல் அந்தக் கம்பெனிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் தெரிந்தே கையெழுத்திட்டதையும் அதில் எழுதியிருந்தேன்.

ஒரு வரிசையைக் காலி செய்து, குடியிருந்தவர்களை மேட்டுக்கு மாற்றினார்கள். மற்ற வரிசைக்கு மண் கொட்டினார்கள், அது போதவில்லை. எனக்கு வேலை போயிற்று. சங்கிலிக்காரரையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குக் காரணம் நான்தான்; அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. மேலதிகாரி அதே நாற்காலியில் இருந்து, மாலையும் கைதட்டலுமாக ஓய்வு பெற்றார். அந்தப் பிரிவுபசார விருந்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. கிழித்துப் போட்டேன்.