எடைமேடையில் நின்ற பெண்கள்

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலை ஒன்றில் லாரியிலிருந்து இரும்பு இறக்குவது என் வேலை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அதே ஆலையில் என் மருமகள் கணக்கு பார்க்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளிடம்கூட முதலில் இதைத்தான் சொல்வேன். டிக்கெட் எடுப்பதெல்லாம் அப்புறம்தான்.

கேட்டிலிருந்து இரும்பு கொட்டுகிற இடம் வெகுதூரம். அதனால் கேட்டிலேயே நாங்கள் பெண்கள் எல்லோரும் லோடு லாரியில் ஏறிக்கொள்வோம். எடைமேடைக்காரர் தங்கமான பிள்ளை. "ஏறிக்கோங்க ஆயா, பாத்து, தகரம் கிழிச்சிடப் போவுது" என்பார். லாரி எடைக்கு நிற்கும்போது மேலே காற்று வாங்கிக்கொண்டு ராணிகள்போல் உட்கார்ந்திருப்போம். சொந்தத் தங்கை கல்யாணத்துக்குக்கூட லீவு போடாத ஆள் அவர். "அவரப் பாத்துக் கத்துக்கோடா" என்று என் மகனை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

வீட்டில் மருமகள் முகம்தான் சரியில்லை. வாங்கிய இரும்புக்கும் வந்த கம்பிக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லையாம். முதலாளி அவளையே சந்தேகப்பட்டார். மாசக் கடைசிக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். என்னால் ஆனது, திருத்தணிக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். அவளுக்கு இல்லை, மகனுக்கு.

அந்த வாரம் எடைமேடைக்காரருக்கு அம்மை போட்டது. அவர் இடத்துக்கு வந்த பெண், "எடை போடறப்ப மேல யாரும் இருக்கக் கூடாது, எறங்குங்க" என்றாள். வெயிலில் நடக்கவிட்டாள். வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டே அவளைத் திட்டித் தீர்த்தேன்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "அத்த, தெனமும் லோடோட உக்காந்துகினா எடை போடுவாங்க?"

"பின்ன, பறந்துகினா இருப்போம்?"

"காலி லாரிய எடை போடறப்ப?"

"அப்ப எங்களுக்கு அங்க இன்னா வேலை? இரும்பக் கொட்டிட்டு கீழ கெடப்போம்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "லோடு எடையில காலி எடையக் கழிச்சாத்தான் இரும்பு அத்த. இரும்பு விக்கறவனும் எடைமேடைக்காரனும் சேந்துகினு உங்களயெல்லாம் இரும்புன்னு வித்து டப்பு வாங்கிக்கினு இருக்கானுங்க."

மறுநாள், லாரிக்கு எத்தனை கிலோ கூட்டிக் காட்டினார்கள் என்று பார்க்க, எங்களை வெறும் எடைமேடையில் நிற்கவைத்தார் முதலாளி. சந்தை மாடுபோல நின்றோம். "அக்கா, நீதான் கனமான சரக்கு!" என்றான் ஒரு டிரைவர். சிரித்தார்கள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

முதலாளி மருமகளைப் பார்த்து, "மாமியாரே ஏறிக்கினு போயிருக்காங்க, உனக்குத் தெரியாதாம்மா?" என்றார்.

நான்தான் பேச வேண்டியிருந்தது.

"அவளுக்குத் தெரியாது சாமி. நேத்து கோவத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுக்கு முன்ன ஊட்ல நான் சொன்னதே இல்ல. நடக்க முடியலன்னு தெரிஞ்சா வேலைக்கு வுட மாட்டா. முட்டி ரெண்டும் போயி ரொம்ப நாளாச்சு."

இத்தனை பேர் முன்னால். ஊர்க்கதை எல்லாம் பேசுகிற வாய், இதை மட்டும் அடக்கி வைத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. முதலாளி என் காலையே பார்த்தார். பிறகு மருமகளிடம், "நீ போயி வேலையப் பாரும்மா" என்றார்.

மருமகள் உள்ளே போகவில்லை. எடைமேடையோரம் வந்து நின்றாள். இறங்க ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஆனாலும் கையை நீட்டினாள். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.