அட்டையை அறுப்பது போல

பிரியா, கார்த்தி,

இரண்டு பேரும் இதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். முக்கியமாக பிரியா. நீ பி.எட். முடித்து டீச்சராகப் போகிறாய். நாளைக்கு உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பாய். ஒரு பக்கத்தை போனில் படம் பிடித்து அனுப்புவாய். இது யார் புத்தகம், யாரைக் கேட்டு எடுத்தாய் என்று ஒருநாள் யாராவது எதிரில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு நீ பயந்துவிடக் கூடாது. எங்கள் காலேஜில் பயத்தில் ஒரு காரியம் நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன். அப்பா பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

1. அட்டை அடித்த காலம்

காலேஜ் நூலகத்தில் அட்டெண்டராகச் சேரும் முன் நான், தறியில் டிசைன் விழ வைக்கும் ஜக்கார்டு அட்டை அடித்தேன். சேலை பார்டரில் ஒரு மயில் வர வேண்டுமானால் அதை முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைவார்கள். ஒருவர் அந்தக் கட்டங்களைப் பார்த்து, "மூணு எடு, ரெண்டு வுடு, ஒண்ணு எடு" என்று வரிசையாகப் படிப்பார். இன்னொருவர் அதைக் கேட்டு அட்டையில் ஓட்டை போடுவார். நான் படிக்கிற ஆள். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்குக் கழுத்து முறிந்துவிடும். அதனால் விழுங்காமல், அவசரப்படாமல், ஒரே அளவுக் குரலில் படிக்கப் பழகியிருந்தேன்.

எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய டிசைனை இன்னொருவர் திருடி நெய்தது தெரிந்தால் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். திருட்டு அட்டையை எல்லார் முன்னாலும் கொண்டுவந்து போட்டு, கோத்த கயிற்றோடு சேர்த்துக் கத்தரியால் அறுப்பார்கள். அறுத்தால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. எனக்குத் தெரிந்து அது நியாயமான வழக்கம்தான். டிசைன் வரைய வைத்தவனின் வயிற்றெரிச்சல் அதில் கொஞ்சம் அடங்கும்.

எங்கள் காலேஜ் தாளாளர் பட்டு வியாபாரி. காலேஜிலும் அவரை எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆசைப்பட்டு வரைய வைத்த ஒரு பார்டர், கடைக்கு வந்த சூட்டிலேயே விசைத்தறியில் பாலியஸ்டர் சேலையாக வெளியே வந்துவிட்டது. அவர் கடையில் உட்கார்ந்திருந்த பெண்களே, "இதேதான் அங்க தொங்குது" என்று சொல்லி எழுந்து போனார்களாம். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அறுக்க ஓர் அட்டை கிடைக்கவில்லை. அந்தப் புண் அவருக்கு ஆறவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

2. கோமதி

பி.ஏ. வரலாறு படிக்க படவேடு பக்கத்திலிருந்து கோமதி என்று ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காய்ச்சலில் பார்வை போய்விட்டது. அவள் அப்பா விவசாயம். காலையில் உள்ள ஒரே பஸ்ஸை விட்டால் அன்றைக்கு காலேஜ் கிடையாது. அவர்தான் கைப்பிடித்து ஏற்றி அனுப்புவார்.

எங்கள் நூலகர் எஸ்தர் மேடம் முதலில் புத்தகத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரைப் படிக்க வைத்துப் பார்த்தார். பழைய அச்சுத் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. உளறிக் கொட்டியது.

கோமதி சிரித்துவிட்டாள். "மேடம், இது ஜுரத்துல பொலம்பற மாதிரி கீது. நான் பரீட்சையில இதையே சொன்னா பைத்தியம்னு வெளிய தள்ளிடுவாங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "ஏழுமலை, நீங்க அட்டை படிச்சவர்தானே? இதப் படிங்க பார்ப்போம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னால் இருக்கும் ஸ்டாக் ரூமில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படிப்பேன். மேடம் பதிவு செய்து மூலைக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பார். கோமதியிடம் பட்டன் போன்தான் இருந்தது. அதன் மெமரி கார்டில் இடம் குறைவு. ஒரு யூனிட்டை ஏற்றிக்கொண்டு போவாள். கேட்டு முடித்ததும் அதை எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றுவோம்.

மேடம் ஒரு முறை வைத்திருந்தார். எந்தப் பதிவானாலும் முதலில் புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், வெளியிட்டவர் பெயர் சொல்ல வேண்டும். பிறகு, "இது கோமதி படிப்பதற்காக மட்டும்" என்று சொல்ல வேண்டும். வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார். எனக்கு அது வேண்டாத சடங்காகத் தெரிந்தது.

"இன்னாத்துக்கு மேடம் இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு தெரியாதவங்க படிக்கிறதுக்காக, லாபம் இல்லாம, இப்படி மாத்திக் கொடுக்கலாம்னு காப்பிரைட் சட்டத்துலயே இடம் இருக்கு, ஏழுமலை. ஆனா அவங்களுக்கு மட்டும்தான். அந்தக் கோட்டை நாம தாண்டாம இருந்தா நம்மள யாரும் கேக்க முடியாது."

கோமதிக்கு என் படிப்பில் ஒரு குறை இருந்தது. "அண்ணா, நீங்க ராஜா படையெடுத்துப் போறதக்கூட மூணு எடு ரெண்டு வுடுன்ற மாதிரியே படிக்கிறீங்க. கொஞ்சம் சண்டைய போடுங்கண்ணா. தூக்கம் வருது."

"சண்ட போட்டா கட்டம் தப்பிடும்மா" என்றேன்.

வருஷம் முழுக்கப் படித்தோம். கடைசி செமஸ்டர் பரீட்சைக்கான பாடங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் என் குரலில் இருந்தன. அவள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கூடக் கிடையாது. அவளுக்குப் புத்தகம் என்றால் அதுதான்.

3. பதிப்பகத்து ஆள் வந்த நாள்

நூலகத்தின் வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. வாத்தியார்கள் இரண்டு மூன்று பக்கம் எடுத்து வகுப்பில் கொடுப்பது வேறு. அந்தக் கடைக்காரர் கைடு புத்தகங்களை முழுசாக ஜெராக்ஸ் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து, செய்யாறு, சேத்துப்பட்டு வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். "இது வேணாங்க" என்று மேடம் பலமுறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்தது முதலாளி வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர்.

பரீட்சைக்கு முந்தின படிப்பு விடுமுறையில் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்து ஆள் வந்தார். கையில் எங்கள் கடையில் பைண்டிங் செய்த ஒரு கட்டு. நேராக முதலாளி அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் முதலாளி அவரையும் இழுத்துக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. பின்னாலேயே கம்ப்யூட்டர் லேப் பையன் ஓடிவந்தான்.

"இன்னா நடக்குது இங்க? எங்க காலேஜ்ல திருட்டுக் காப்பியாம். ஊரு சிரிக்கணுமா? யார் யார் எதை எதைக் காப்பி எடுத்து வெச்சிருக்கீங்க, எல்லாத்தையும் எடுங்க."

கடையைச் சாத்தச் சொல்லியாகிவிட்டது. அடுத்து அவர் கண்ணில் மூலைக் கம்ப்யூட்டர் பட்டது. அதில் என்ன இருக்கிறது என்று லேப் பையனைக் கேட்டார். அவன் பயத்தில், "புக்கு படிச்சி ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்காங்க சார்" என்றான்.

"அப்ப அதுவும் காப்பிதான். அழி."

எஸ்தர் மேடம் எழுந்து முன்னால் வந்தார். "சார், அது கோமதிக்காகப் பண்ணது. கண்ணு தெரியாத பொண்ணு. அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு சார். நான் எடுத்துக் காட்றேன்."

"எங்கிட்ட சட்டம் பேசாதீங்க மேடம். வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்து நிக்கிறார். என் டிசைன எடுத்தவனும் இப்படித்தான் ஒரு நியாயம் சொல்லியிருப்பான்."

நானும் ஒரு வார்த்தை சொன்னேன். "மொதலாளி, அது வேற, இது வேற."

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை. "ஏழுமல, நீ அட்ட அடிச்சவன்தானே? திருட்டு அட்ட கிடைச்சா இன்னா பண்ணுவோம்? பாதிய அறுத்துட்டு பாதிய வெச்சுப்போமா?"

தறி விஷயத்தில் அவர் சொன்னது சரி. புத்தக விஷயத்தில் அது ஏன் சரியில்லை என்று எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வாய் இல்லை. எல்லார் முன்னாலும் அறுத்தால்தான் பேச்சு முடியும் என்று அவர் நம்பினார். வந்தவரை மானிட்டருக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, "பாத்துக்கங்க சார்" என்று சொல்லி அழிக்க வைத்தார். லேப் பையன் ஒவ்வொன்றாக அழித்தான். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். வருஷம் பூராவும் படித்ததை அழிக்க, ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கோமதி அப்போது உள்ளேதான் இருந்தாள். அடுத்த யூனிட்டை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. போனைத் திறந்து, பேட்டரியை எடுத்து, அந்த மெமரி கார்டை நகத்தால் நோண்டி எடுத்தாள். "பாத்துக்கங்க சார்" என்று குரல் வந்த திசையைப் பார்த்து நடந்து வந்து கையை நீட்டினாள். அவள் நீட்டியது முதலாளியிடம் இல்லை. பக்கத்தில் நின்ற பதிப்பகத்து ஆளிடம்.

"இந்தாங்க சார். இதுல ஒண்ணு கீது. இதையும் அழிச்சிடுங்க. அண்ணனையும் மேடத்தையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் உள்ளங்கையில் விழுந்ததைப் பார்த்தார். "இது என்னம்மா? எங்கிட்ட ஏன் தர்ற?"

மேடம்தான் விளக்கிச் சொன்னார். அந்த ஆள் முதலாளியைப் பார்த்தார்.

"சார், நான் இதுக்கு வரலயே. பைண்டிங் போட்டு விக்கிறத நிறுத்துங்கன்னு சொல்லத்தான் வந்தேன். பார்வை இல்லாத பிள்ளைக்குப் படிச்சுக் குடுக்கறத நாங்க எதுக்கு சார் கேக்கப் போறோம்? நான் கேக்கவும் இல்லயே."

முதலாளிக்கும் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அறுத்த பிறகு யாரும் பேசக் கூடாது என்பதல்லவா வழக்கம். "என் காலேஜ்ல இனிமே காப்பின்ற பேச்சே கூடாது. இங்க உக்காந்து யாரும் எதையும் படிச்சி ரெக்கார்டு பண்ணக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வந்தவர் கார்டைக் கோமதியின் கையிலேயே வைத்து விரல்களை மூடிவிட்டு, அவர் பின்னால் போனார்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணா, ஒரு யூனிட்ட வெச்சிகினு எத்தினி பேப்பர்ணா எழுத முடியும்?"

4. பிறகு

பரீட்சை வரைக்கும் எஸ்தர் மேடம் சாயங்காலங்களில் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் ஊர் மலையடிவாரத்தில் டவர் வரும், போகும். கூடப் படித்த பெண்கள் கொஞ்சம் படித்தார்கள். அவர்களுக்கும் பரீட்சை. கோமதி சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்தார்கள். சொல்ல அவளிடம் இருந்தால்தானே எழுதுவார்கள்? அந்த ஒரு யூனிட் வந்த பேப்பரில் மட்டும் பாஸ். மற்றதெல்லாம் அரியர்.

அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். "இவ்ளோ நாள் படிச்சதே போதுங்க. பஸ்ஸு ஏத்தி வுட்டு, அது வந்து சேர்ற வரைக்கும் உசுரக் கையில புடிச்சிகினு கெடக்கறேன். போதும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எஸ்தர் மேடம் அந்த வருஷத்தோடு வேலையை விட்டுவிட்டு, சேத்துப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். ஜெராக்ஸ் கடை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காம்பவுண்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அதே மெஷின் ஓடுகிறது. அதே பைண்டிங். அறுக்க வேண்டிய அட்டை அதுதான். அது அறுபடவே இல்லை.

பிரியா, நான் கற்றுக்கொண்டது இதுதான். காப்பி எல்லாம் ஒன்று இல்லை. யாருக்காக, எதற்காக, எவ்வளவு எடுத்தோம் என்று மூன்றையும் கேட்க வேண்டும். அடுத்தவர் உழைப்பை எடுத்து விற்பது திருட்டு. படிக்க முடியாதவருக்குப் படிக்கக் கொடுப்பது திருட்டு இல்லை. வகுப்பில் பாடம் சொல்ல வேண்டியதை எடுப்பதற்கும் சட்டத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். அது எதுவரை என்று தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள். யாராவது வந்து மிரட்டினால், என்ன வேண்டும் என்று முதலில் அவரை உட்காரவைத்துக் கேள். அதற்கு முன்னால் எதையும் அழிக்காதே. அன்றைக்கு அந்த ஒரு கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் கோமதிக்கு போன் செய்தேன். அரியர் எழுத இன்னும் வழி இருக்கிறது என்று சொன்னேன்.

"இன்னாத்துக்குண்ணா இனிமே?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் பேசினாள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய அன்று நீங்கள் இருவரும் அம்மாவோடு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். நம் தெருவில் அன்றைக்குத்தான் விசைத்தறிச் சத்தம் இருக்காது. என் நூலகக் கார்டில் எடுத்துவந்திருந்த வரலாற்றுப் புத்தகத்தைப் பிரித்தேன். கதவைச் சாத்தி, போனில் பதிவை ஓடவிட்டேன். புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். எழுதியவர் பெயரைச் சொன்னேன். வெளியிட்டவர் பெயரைச் சொன்னேன். "இது கோமதி படிப்பதற்காக மட்டும்" என்றேன். ராஜா படையெடுத்துப் போகிற இடம் வந்ததும், கொஞ்சம் சண்டை போட்டுப் படித்துப் பார்த்தேன். கட்டம் ஒன்றும் தப்பவில்லை.

முதல் யூனிட் முடிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தறி தடதடவென்று ஆரம்பித்தது. போனை எடுத்துக்கொண்டு, உங்கள் அம்மாவின் சேலைகள் இருக்கும் பீரோவைத் திறந்து, தறிச் சத்தம் பதிவில் விழாதபடி தலையைச் சேலைகளுக்குள் விட்டுக்கொண்டு, விட்ட வரியிலிருந்து படித்தேன்.