குறுபான் ஆட்டின் குடல்

கட்டாருக்குப் போனவர்கள் எங்கள் கல்முனைக்குத் திரும்பும்போது கம்பளிப் போர்வையும் அத்தரும் கொண்டு வருவார்கள். உம்மாவின் தம்பி, என் மாமா, பழுதாய்ப்போன சிறுநீரகங்களையும் ஒரு வாத்தியத்தின் படத்தையும் கொண்டு வந்தார். பழைய அறபிகள் மீட்டிய வாத்தியங்களைப் படத்தைப் பார்த்து மறுபடி செய்கிற பட்டறை ஒன்றில் அவருக்குத் தச்சு வேலை. ஊத் என்கிற நரம்பு வாத்தியத்துக்கும் மூத்த ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோதுதான் வருத்தம் பிடித்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் சத்தத்தை அவர் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூட வேணும் என்று ஒரே பிடிவாதம்.

பலாக் கட்டையைக் குடைந்து, முகத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, எங்கள் வீட்டின் பின்பக்கத்திலேயே அதைச் செய்யத் தொடங்கினார். வாத்தியம் மார்க்கத்துக்கு ஆகாததென்று உம்மாவுக்கு அது நெஞ்சில் நெருப்பு. "மௌத்தை நெருங்கின மனிசன் தஸ்பீஹ் மணி பிடிக்கிற கையால இதைப் பிடிக்கிறானே, யா அல்லாஹ்! இந்த வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் வருவாங்களா?" என்று கிணற்றடியில் நின்று அழுவா. மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நரம்பு மட்டும்தான் பாக்கி. எனக்கு அப்போது ஒன்பது வயது. தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசியைப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல தங்கூசி ஏது மகள்? ஆட்டுக் குடல்தான் வேணும். வேற எதைப் போட்டாலும் பொய்ச் சத்தம்," என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாப்பா ஒரு கிடாயை அறுத்துக் குறுபான் கொடுத்தார். மாமா குடலை மட்டும் கேட்டு வாங்கினார். கழுவி, சிரட்டைத் துண்டால் வழித்து, ஒரு பேசனில் சாம்பல் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டார். தினமும் தண்ணீரை மாற்றினார். இனி முறுக்கி, ஆணிகளுக்கிடையில் இழுத்துக் காயவிட வேண்டியதுதான். நாளைக்கு முறுக்குவம் என்று சொல்லிவிட்டு, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அன்று பகல் சோற்றுக்குக் குடல் கறி.

மாமா களைத்து வந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த பேசனைப் பார்த்தார். உம்மா திரும்பாமலே சொன்னா: "பக்கத்து வீட்டால வந்த குடலாக்கும் எண்டு ஆக்கிப்போட்டன் தம்பி." பெருநாள் நாட்களில் யார் வீட்டு இறைச்சி யார் சட்டியில் வேகிறதென்று எங்கள் பக்கம் ஒருவருக்கும் தெரியாதுதான். ஏசப்போகிறார் என்று நான் கதவோடு ஒட்டி நின்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயில் குந்தினார்.

"பறவாயில்ல ராத்தா. போடுங்க."

நானும் ஒரு வாய் அள்ளி வைத்தேன். "சீ, உப்பே இல்ல!"

"உன்னை ஆரு திங்கச் சொன்ன?" என்று உம்மா என் பீங்கானை இழுத்தெடுத்தா. மாமா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றார். உம்மா முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பரிமாறினா. கறி பிழைத்துப்போன கவலையாக்கும் என்று நினைத்தேன். ஒரு பிடி உப்புக்கா இந்த அழுகை!

"அடுத்த பெருநாளுக்குப் பார்ப்பம் மகள்," என்றார் மாமா. அடுத்த பெருநாளுக்கு அவர் இல்லை. நோன்புக்கு முன்னமே மௌத்தாகிவிட்டார். நரம்பில்லாத வாத்தியத்தை வாப்பா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

கலியாணம் முடித்து, நோயாளியான மாமியாருக்கு நான் கறி ஆக்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் உப்புச் சிரட்டையில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. சிறுநீரகம் பழுதானவருக்கு உப்பு ஆகாதென்று உம்மா எப்போதும் மாமாவின் பங்கைப் புறம்பாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சட்டியில் உப்புப் போடுவா. அன்று முழுச் சட்டியிலுமே உப்பில்லை. அது வீட்டுக்கென்று ஆக்கிய கறியே இல்லை. குறுபானின் பரக்கத்து, அந்த அருள், வாத்தியத்தில் போகாமல் தம்பியின் வயிற்றுக்குள் போகட்டும், அதுவாவது அவனை எழுப்பிவிடட்டும் என்று, தெரிந்தே, அவருக்கென்றே ஆக்கியது.

நான் உப்பே இல்லை என்றதுமே மாமாவுக்கு அது விளங்கியிருக்கும். விளங்கிய பிறகுதான் இன்னும் கொஞ்சம் கேட்டார்.