“இது எந்தப் படம்?”

நனைந்த சாக்கின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் ஊரின் சாரம் பகுதி ஞாபகம் வந்துவிடும்...

அங்கே ஒரு வீட்டின் பின்னறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். ஜன்னல்களில் ஈரச் சாக்கு, சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தை. தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்க எங்களால் முடிந்த ஏற்பாடு அவ்வளவுதான். ஃபேன் சத்தமும் பதிவாகிவிடும் என்பதால், அந்துவான் பாடும்போது அதை நிறுத்துவதும் முடித்ததும் போடுவதும் என் வேலை. நான் அப்போது ஒரு மாலைப் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருந்த நிருபர். அந்துவான் என் பள்ளித் தோழன். மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவன்.

எட்டுப் பாட்டு. எல்லாம் அவனே எழுதி, மெட்டுப் போட்டு, பாடியது. கேசட்டின் பெயர் ‘சைக்கிள் ஒண்ணு போதும்’.

அவனுடைய அப்பா லூர்து, பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். நேரில் கூப்பிட்டால் ‘முசே’. மகனும் பிரான்சு போய்ப் பட்டாளத்தில் சேர வேண்டும் என்பது அவர் முடிவு. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் விமானம். புதுப் பெட்டி ஒன்று அவர்கள் வீட்டு ஹால் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்துவான் கெஞ்சியதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது.

“நீ கிளம்புறதுக்குள்ள ஊர்ல யாராவது உன் பாட்டப் பாடி என் காதால நான் கேக்கணும். உன் கூட்டாளிங்க பாடுனா சேத்தி இல்ல. கேட்டுட்டேன்னா இங்கியே இரு. இல்லன்னா பெட்டியத் தூக்கு.”

இத்தனைக்கும் அந்தக் கேசட்டை அவர் ஒருமுறைகூடப் போட்டுக் கேட்டதில்லை. கேட்காமல் பாட்டை எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்க எங்கள் இருவருக்கும் தைரியமில்லை.

பஸ் டிரைவர்கள், டீக்கடைகள், சைக்கிள் ஸ்டாண்டுகள்... ஒரு இடம் விடாமல் கேசட் கொடுத்தோம். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி.

“எந்தப் படம்பா?”

“படமில்லண்ணே, ஆல்பம்.”

“ஆல்பமா? கல்யாண போட்டோவா?”

செய்தி ஒன்று எழுதிக்கொண்டு போனேன். செய்தி ஆசிரியர் கண்ணாடியை இறக்கிவிட்டு, “எந்தப் படம்னு எழுதவே இல்லியே?” என்றார்.

கேசட் கடை வேலு அண்ணன் மட்டும்தான் கேட்காமல் வாங்கிக்கொண்டார். அவர் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அந்த வாரம் அதிகம் விற்ற பத்துப் பாட்டு, பக்கத்தில் படத்தின் பெயர். ஊருக்கு அதுதான் ஹிட் பட்டியல். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியபோது எங்கள் சைக்கிள் பாட்டு ஒன்பதாம் இடத்துக்கு வந்தது. படம் என்ற இடத்தில் வேலு அண்ணன் ஒரு கோடு போட்டிருந்தார்.

“என்னாண்ணே கோடு? படம் ஓடலியா?” என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்.

பாட்டு நாலாம் இடத்துக்கு ஏறியதும் அந்துவான் அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினான். அவர் நிதானமாக வாசித்தார்.

“வேலு உன் கூட்டாளி. அவன் பலகையில அவன் என்னா வேணா எழுதுவான்.”

ஈஸ்டர் வந்தது. அந்துவான் சட்டைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டான்.

தவக்காலத்தில் கோவிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்ததும் வரிசையாக நடக்கும். முதல் கல்யாணம் குருசுக்குப்பத்தில். மாப்பிள்ளைக்கு லூர்து முசே ஞானத்தகப்பன் என்பதால் நாங்களும் போனோம். சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலம் வர, முன்னால் பேண்டு செட்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அந்துவான் என் கையைப் பிடித்தான்.

அவன் மெட்டு... கிளாரினெட்டில்! கேசட்டில் சைக்கிள் மணி வரும் இடத்தில் ஒருவர் ஜால்ரா தட்டினார். மீன் கூடையை இறக்கிவிட்டு நின்ற பெண்கள் இரண்டு பேர் வரி பிசகாமல் கூடவே பாடினார்கள்.

நாங்கள் பாட்டுக்காரர்களைப் பார்க்கவில்லை. அவன் அப்பாவைத்தான் பார்த்தோம். அவர் கைத்தடியால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் பேண்டு மாஸ்டரிடம் போனார்.

“நல்லா இருக்கேப்பா. இது எந்தப் படம்?”

“படமில்ல முசே. வேலு கடையில வாங்குன கேசட்டு. தவக்காலத்துல எங்களுக்கு ஏது வேல? உக்காந்து கத்துக்குனோம். யாரோ சொல்தா ஊட்டுப் பையன் போட்டதாம். அவங்கப்பன் அவன ஃபிரான்சுக்குப் பொட்டி கட்டுறாராம். பையன் பூட்டான்னா அடுத்த கேசட்டுக்கு நாங்க எங்க போறது, சொல்லுங்க?”

லூர்து முசேதான் அந்த அப்பா என்று தெரிந்துதான் மாஸ்டர் அப்படிப் பேசினாரா என்று பிறகு பலமுறை விசாரித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சிரித்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்து போனோம். உள்ளே நுழைந்ததும் முசே மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“இந்தப் பெட்டிய ஏன் நடுவுல வச்சிருக்கீங்க? வரப் போக கால்ல இடிக்குது. பரண்ல போடச் சொல்லு.”

அந்துவான் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் வேலு அண்ணன் பலகையில் எங்கள் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. அந்தக் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

இன்று முசேவும் இல்லை, மாஸ்டரும் இல்லை. வேலு அண்ணன் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்துவான் சாரத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறான். சென்ற மாதம் அவன் மகள் அந்தப் பாட்டுகளை யூடியூபில் ஏற்றினாள். இப்போது பாட்டு ஓடும்போது போனை நீட்டினால் போதும், பாடியவர் யார் என்று அதுவே சொல்லிவிடும். பேண்டு செட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை...

நேற்றுக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது அவன் போனை என்னிடம் நீட்டினான். யாரோ ஒரு புண்ணியவான் கீழே எழுதியிருந்தார்.

“செம பாட்டு. எந்தப் படம்?”

ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனோம். நேற்று அந்துவான் அதற்கு ஒரு லைக் போட்டுவிட்டு, “சுண்டல் வாங்குடா” என்றான்.