தலைக்கு வைத்த பதிவேடு

தாசில்தார் இருந்தார். புது தாலுகாவிலிருந்து வந்த துணைத் தாசில்தார் இருந்தார். பட்டியல் வாசிக்க ஒரு கிளார்க் அம்மா. கட்டுகளைத் தூக்க இரண்டு தலையாரிகள். வேன் டிரைவர். எடுத்துக் கொடுக்க நான். ரெக்கார்டு ரூமில் ஆபீஸ் உதவியாளர் வேலை எனக்கு. எட்டாவது வரை படிப்பு.

எங்கள் தாலுகாவை இரண்டாகப் பிரித்த நாள் அது. மலையடிக் கிராமங்கள் புது தாலுகாவுக்குப் போயின.

பிரிப்பது புதிதில்லை. ரெக்கார்டு ரூமில் கீழே போகப் போக ஜில்லா மாறும். மேல் தட்டில் விருதுநகர் மாவட்டம். நடுத்தட்டில் ராமநாதபுரம் ஜில்லா. தரையோடு கிடப்பதில் திருநெல்வேலி ஜில்லா. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. முத்திரைதான் மாறியது.

ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சிவப்புத் துணிக்கட்டு. அடியில் கிடந்த ஒன்று நல்ல தடிமன். ஒரு மலையடிக் கிராமத்தின் பழைய நிலப் பதிவேடு. மதியம் சாப்பிட்டதும் ரேக்குகளுக்குப் பின்னால் அதைத் தலைக்கு வைத்து ஒரு கண் அசருவேன். பல வருஷப் பழக்கம்.

கிளார்க் அம்மா ஒவ்வொரு ஊராக வாசித்தார். நான் கட்டைத் தொட்டு "இருக்கு" என்றேன். அந்த ஊர் வந்தபோது தொடாமலே "இருக்கு" என்றேன். என்றைக்கும் இருப்பதுதானே. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். வேன் போய்விட்டது.

மதியம் போய்ப் படுத்தேன். தலைக்குக் கீழே அது இருந்தது.

ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி. சொன்னால் சஸ்பெண்ட் பண்ணுவார்கள் என்று பயந்தேன். ரேக்குக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே நான் படுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த மலையடி ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார். புருஷன் பட்டாளத்தில் இருந்து ரிட்டயராகி இறந்துபோனவர். கொழுந்தன் மொத்தத் தோட்டமும் தன் பேரில்தான் என்று பட்டாவுக்கு எழுதிப் போட்டிருந்தான். தோட்டத்திலும் கிணற்றிலும் பாதி மாமனார் பிரித்துக் கொடுத்தது. அது பழைய பதிவேட்டில் இருக்கிறது, நகல் வேண்டும் என்றார். புது ஆபீஸில் கேட்டால் வரவில்லை என்றார்களாம். எங்கள் ஆபீஸில் கையெழுத்தைக் காட்டி, கொடுத்தாயிற்று என்றார்கள்.

அவர் அங்கும் இங்குமாக நடந்தார். வரும்போதெல்லாம் நான் உள்ளே போய்ச் செத்த நேரம் நின்றுவிட்டு, இல்லை என்று வந்து சொல்வேன். ஒரு நாள் வராந்தாவில் நாலு பேர் நிற்க, நான் சொன்னேன்:

"பஸ்ஸு ஓசிதான யக்கா. இன்னொரு நடை போயிட்டு வாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தார். "ஆமா தம்பி. டிக்கெட்டு ஓசி, முட்டிவலியும் ஓசி" என்றார்.

அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மறுநாளும் நான் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

பிறகு ஒரு திங்கட்கிழமை கட்டைச் சாக்கில் போட்டு, அவர் போகிற அதே பஸ்ஸில் புது ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். ரேக்கைத் துடைக்கும்போது கிடைத்தது என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இதற்குத்தான் அம்புட்டு நாள் பயந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அந்த அக்கா வந்தார். பதிவேடு வந்துவிட்டது என்று நானே முந்திச் சொன்னேன்.

"இனி எதுக்கு தம்பி? போன மாசமே அவன் பேருக்குப் பட்டா ஆயிட்டு. வித்துட்டான். கிணத்த மூடி பிளாட்டு போட்டுட்டாக" என்றார்.

மஞ்சப்பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்தார். பஸ்ஸில் பொம்பளைகளுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டுகள். கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது, அலைந்ததற்குச் சாட்சி வேண்டும் என்று யாரோ சொன்னதால் சேர்த்து வைத்தாராம்.

"நீயே குப்பையில போட்டுரு. இம்புட்டுப் பேருல நீ ஒருத்தன்தான் ஒவ்வொரு தடவையும் உள்ள போய்த் தேடின. நல்லா இரு."

நான் கட்டை வாங்கிக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போனார்.

டிக்கெட்டுகளை ராஜபாளையத்துக்கு, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குப்பையில் போடவில்லை. ஓய்வு பெற்றும் வருஷம் ஒன்றாகிறது. அவர் வீடு எனக்குத் தெரியும். போகவில்லை. நேற்று அவற்றை எண்ணினேன்.

நூற்றுப் பன்னிரண்டு.